ஔலிச் சரிவில் ஒரு வாரம்

வணக்கம் நேயர்களே. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் வண்டி நிற்காது, அப்புறம் என்ன ஆகும் என்று தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பனிச்சறுக்கைப் பற்றிப் பேச வந்தவர் லாரியில் ஆரம்பிக்கிறாரே என்று பார்க்காதீர்கள், காரணம் இருக்கிறது.

2018 பிப்ரவரியில் உத்தரகாண்டில் உள்ள ஔலிக்குப் பனிச்சறுக்குப் பழகப் போனேன். ரிஷிகேஷிலிருந்து அலக்நந்தா ஆற்றோரமாகச் சுமார் 250 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் ஜோஷிமட். அங்கிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ரோப்கார். பழனி ரோப்காரில் போயிருக்கிறீர்களா? அதைப் பல மடங்கு நீட்டிக்கொள்ளுங்கள். மேலே போனால் எதிரே நந்தா தேவி சிகரம், 7,816 மீட்டர்.

2011இல் முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம் அது. பந்தய மலையில் ஐம்பத்திரண்டு வயது பி.டி. வாத்தியாருக்கு என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

முதல் நாள் பயிற்சியாளர் என்னிடம் சொன்னதெல்லாம் ஒரே இந்திச் சொல், "ருக்கோ". நில்! அவருக்கு என் மகன் வயது இருக்கும். காலில் ஆளுயரக் கட்டைகள், கணுக்காலை அசைக்கவிடாத பூட்ஸ். நிற்பதற்கு ஒரு வழி உண்டு. முன் நுனிகளை நெருக்கி, குதிகால் பக்கத்தை அகட்டி, உள்விளிம்பைப் பனியில் அழுத்த வேண்டும். லாரிக்கு ஃபர்ஸ்ட் கியர் மாதிரி. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் "ஓடு, ஓடு" என்று விசில் ஊதியவன் நான். நிற்கச் சொன்னால் உடம்பு கேட்குமா? நேராகப் போய் ஓரத்து வலையில் விழுந்தேன். வலையிலிருந்து என் காலைப் பிரித்து எடுத்தவர், பக்கத்துச் சரிவில் பந்தயப் பயிற்சியில் இருந்த ஒரு பையன். சிரிக்கவில்லை. கட்டையைத் திருப்பி மாட்டிக் கொடுத்து, அவரும் "ருக்கோ, ஐயா" என்றார்!

அந்தப் பந்தயக்காரர்கள் இறங்குவதைப் பார்க்க வேண்டும். சிவப்பு, நீலக் கம்பங்கள் மாறி மாறி நட்டிருக்கும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஓட்டம் செல்லாது. பந்தயத் தடத்தை ஐஸ் மாதிரி இறுக்கிவிடுவார்கள், கடைசியில் வருபவருக்கும் பள்ளம் விழாமல் இருக்க. கட்டை உரசும்போது சாணை பிடிக்கிற சத்தம். நம்மூர் எருது விடும் விழாவில் வாடியிலிருந்து காளை வரும்போது நெஞ்சு அடிக்குமே, அதேதான். எங்களுக்கு விட்டிருந்தது பக்கத்தில் மெத்தென்ற பனி.

ஒரே மலையில் இரண்டு கூட்டமும் எப்படி மோதாமல் இருக்கிறது? ஒரு விதி: கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை, மேலிருந்து வருபவர் ஒதுங்க வேண்டும். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுகிற மாதிரி. எத்தனை பெரிய வீரராக இருந்தாலும் இதில் சலுகை இல்லை. அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், முதலில் நிற்கப் பழகுங்கள்.

சரி, நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டிவிட்டார்கள். செலவுக் கணக்கு சொல்ல நினைத்தேன், நேரமில்லை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் நம் பனிச்சறுக்கு வீரர் ஆரிஃப் கான் 45ஆவதாக வந்ததையும் விரித்துச் சொல்ல முடியவில்லை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் விரிசல் விட்டபோது ரோப்கார் நின்றது. போகிறவர்கள் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். அப்புறம், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பனியில் இறங்காதீர்கள், நனைந்தால் காயவே காயாது. வணக்கம்.