மருமகளுக்குத் தொண்டை வலி, மாமியாருக்கு நெஞ்சு வலி! நோய்ப்பெயர்களைக் கட்டி மேய்க்கும் இணையதளங்கள்

வணக்கம். புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. மகனும் மருமகளும் பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். ஒரு நாள் மருமகள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி, "அத்தை, மூணு நாள் லீவு" என்று போட்டிருக்கிறார். சீட்டில் நோயின் பெயர்: ‘ஆன்ஷீன்’. அம்மா அந்த எழுத்துகளைப் பார்த்துத் தேடுபொறியில் தட்டினார். எழுதும்போது (angine, angina) கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், அதையும் அது தானாகவே திருத்திக்கொண்டு, ‘ஆஞ்சைனா’ என்று விளக்கம் காட்டியது. இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு வலி!

28 வயசுப் பெண்ணுக்கு நெஞ்சு வலியா? அம்மா அழுதுகொண்டே போன் போட, அந்தப் பக்கம் கரகரத்த குரலில் பதில் வந்தது: "ஐயோ அத்தை, தொண்டைதான். உப்புத் தண்ணியில கொப்பளிக்கச் சொன்னாங்க."

(திரையில்: ஒரே சொல், இரண்டு அம்புக்குறிகள். ஒன்று தொண்டைக்கு, இன்னொன்று இதயத்துக்கு.)

பிரெஞ்சில் ‘ஆன்ஷீன்’ என்றால் தொண்டை அழற்சி. நெஞ்சு வலி என்றால் ‘மார்பின் ஆன்ஷீன்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மூலச்சொல் லத்தீன், பொருள் நெரிப்பது. முதலில் அது தொண்டை நெரிவதைத்தான் குறித்தது. 1768இல் வில்லியம் ஹெபர்டன் என்ற லண்டன் மருத்துவர் நெஞ்சு நெரிகிற வலிக்கு ‘ஆஞ்சைனா பெக்டோரிஸ்’ என்று பெயர் வைத்தார். ஆங்கிலம் நெஞ்சோடு போய்விட்டது, பிரெஞ்சு தொண்டையிலேயே தங்கிவிட்டது.

ஒரு குடும்பத்துக்குள் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இதே தவறை ஒரு கம்ப்யூட்டர், லட்சக்கணக்கான மருத்துவமனைக் குறிப்புகளைப் படிக்கும்போது செய்தால்? அதைத் தடுக்கத்தான் இன்றைக்குப் பேசப்போகும் தளங்கள் இருக்கின்றன. பெயர் கொஞ்சம் பயமுறுத்தும்: பயோமெடிக்கல் ஆன்டாலஜி போர்ட்டல்கள். ஓடிவிடாதீர்கள், ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன்.

ஆன்டாலஜி என்பது அகராதி மாதிரி, ஆனால் தலைகீழ். அகராதியில் சொல் முதலில் வரும், பொருள் பின்னால் வரும். இங்கே பொருளுக்குத்தான் முதல் மரியாதை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்குக் கீழே எல்லாப் பெயர்களும், அப்புறம் உறவுமுறை: இது அதில் ஒரு வகை, இது அந்த உறுப்பில் வருவது, இப்படி. இதில் உறவுமுறை பெரிதாக இல்லாமல் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலாக இருப்பதைக் கலைச்சொல் தொகுப்பு என்பார்கள். இரண்டையும் கொண்டுவந்து போட்டு, தேடி, ஒப்பிட்டு, இறக்கிக்கொள்ளும் பொதுச்சந்தைதான் போர்ட்டல். அவ்வளவுதான், பாடம் முடிந்தது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்த வீடியோவே.

‘ஆந்த்ராக்ஸ்’ தெரியும் அல்லவா? ஆடு மாடுகளிடமிருந்து வரும் பாக்டீரியா நோய், நம் ஊர் கால்நடை மருத்துவர்கள் ‘அடைப்பான்’ என்பார்கள். 2001இல் அமெரிக்காவில் தபால் உறைகளில் தூளாகப் போட்டு அனுப்பினார்களே, அதே சமாச்சாரம். இப்போது ஒரு பிரெஞ்சு மருத்துவர் ‘ஆந்த்ராக்ஸ்’ என்று எழுதினால் என்ன அர்த்தம்? கொப்புளங்கள் கூட்டமாகச் சேர்ந்து வரும் பெரிய கட்டி! நம் பாட்டிகள் ‘ராஜபிளவை’ என்பார்களே, சர்க்கரை நோயாளிகளுக்கு முதுகில் வருமே, அது. வேறு கிருமி, வேறு வைத்தியம்.

அப்படியானால் அடைப்பானுக்குப் பிரெஞ்சில் என்ன பெயர்? ‘ஷர்போன்’. அதாவது கரி. அடுப்புக்கரி, நிலக்கரி, அதே கரி. ராஜபிளவைக்கு ஆங்கிலத்தில்? ‘கார்பங்கிள்’. அது லத்தீனில் ‘குட்டிக் கரித்துண்டு’. அப்போ ‘ஆந்த்ராக்ஸ்’? அது கிரேக்கத்தில்... ஆமாம், கரி!

(திரையில்: நான்கு பெயர்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். இதை வரைய எங்கள் எடிட்டர் பட்ட பாட்டை அவரிடமே கேளுங்கள்.)

இரண்டு நோய்கள், இரண்டு மொழிகள், எல்லாப் பெயருக்கும் அடியில் ஒரே கரிமூட்டை. ஏன் கரி? அடைப்பான் மனிதர் தோலில் வந்தால் புண்ணின் நடுவில் பொருக்கு கன்னங்கரேல் என்று ஆகிவிடும். ராஜபிளவை கங்கு மாதிரி சிவந்து எரியும். ஒருவர் அணைந்த கரியைப் பார்த்தார், இன்னொருவர் எரிகிற கரியைப் பார்த்தார். ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும்போது, கல்யாண வீட்டு வாசலில் செருப்பு மாறுகிற மாதிரி, மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டன. 2001இல் அமெரிக்கச் செய்தி பிரான்சுக்கு வந்தபோது அங்கே பத்திரிகைகள் ‘ஆந்த்ராக்ஸ்’ என்றே எழுத, மருத்துவர்கள் "அது ஷர்போன் ஐயா" என்று திருத்த வேண்டியிருந்தது.

எண் இங்கேதான் கைகொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில், அதன் பத்தாவது பதிப்பில், அடைப்பானுக்கு ‘ஏ22’. ராஜபிளவை ‘எல்02’க்குள். நீங்கள் கரி என்று சொல்லுங்கள், கங்கு என்று சொல்லுங்கள், ஏ22 என்றால் ஏ22தான். இதில் ஒரு வேடிக்கை: இந்தப் பட்டியலின் மூதாதையை 1893இல் கொடுத்தவரே ஒரு பாரிஸ்காரர், ஜாக் பெர்த்தியோன்.

அந்த நோய்ப்பட்டியலை அமெரிக்காக்காரர்கள் தங்களுக்கென்று விரித்து எழுதியதில் வாத்து மோதிய காயத்துக்குக்கூட எண் உண்டு: டபிள்யூ 61.62. அதே காயத்தைக் காட்ட மறுபடி வந்தால் எண்ணின் கடைசியில் சேர்க்கும் எழுத்து மாறும். பலர் இதை "வாத்து ரெண்டாவது தடவையும் அடித்தது" என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். இல்லை, வாத்து ஒரு தடவைதான் அடித்தது.

இப்போது தளங்கள். பெரிய அண்ணன் அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் மூசன் குழு நடத்தும் பயோபோர்ட்டல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆன்டாலஜிகள் அங்கே குவிந்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் தங்களுடையதைக் கொண்டுவந்து ஏற்றலாம். ஏற்றியதும் அந்தத் தளம் ஒரு வேலை செய்யும்: உங்கள் பட்டியலில் உள்ள பெயரும் இன்னொரு பட்டியலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், "இவர்கள் இருவரும் ஒருவர்தான் போல" என்று கோடு போட்டு வைக்கும். ஆங்கிலத்துக்குள்ளேயே என்றால் பெரும்பாலும் சரியாக வரும். பிரெஞ்சுப் பட்டியலை இடையில் போட்டுப் பாருங்கள். ஆந்த்ராக்ஸும் ஆந்த்ராக்ஸும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானே!

இப்படிப்பட்ட இடத்தில் மொழியைத் தனியாகக் கவனிக்க ஆள் வேண்டும். தெற்கு பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் உள்ள லிர்ம் ஆய்வகத்தில் கிளெமான் ஜோன்கே குழு அதைச் செய்தது. 1220லேயே மருத்துவப் படிப்புக்குச் சட்டதிட்டம் எழுதிய ஊர் அது. ஸ்டான்ஃபோர்டு மென்பொருள் திறந்த மூலம், அதாவது யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அதையே எடுத்துப் பிரெஞ்சுக்கென்று ஒரு கடை போட்டார்கள்: சிஃபர் பயோபோர்ட்டல். சரக்கு சுமார் 30தான். அண்ணன் கடையோடு ஒப்பிட்டால் பெட்டிக்கடை. ஆனால் பத்து ஆன்டாலஜிகளின் பிரெஞ்சு வடிவத்தை எடுத்து, அவற்றின் ஆங்கில மூலத்தோடு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைச் சரிபார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். கடையின் மதிப்பு அந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்பேன்.

பிரான்சிலேயே ருவான் நகர மருத்துவமனையில் ஹெடாப் என்று இன்னொரு தளமும் உண்டு, பல மொழிகளில் தேடலாம். இதை வளர்த்தது, 1995லிருந்து பிரெஞ்சு மருத்துவ வலைப்பக்கங்களுக்கு அட்டவணை போட்டுவந்த நூலகக் குழு. அதனால் அங்கே ஒரு நூலக ஒழுங்கு தெரியும்.

சிஃபரில் எனக்குப் பிடித்தது அதன் ‘அனோட்டேட்டர்’. டாக்டர் குறிப்பை அப்படியே ஒட்டினால், அதில் உள்ள நோய்ப்பெயர்களைப் பிடித்து எண் போட்டுத் தரும். சுலபம் என்று நினைப்பீர்கள். "காய்ச்சல் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. போன வருஷம் நிமோனியா வந்தது" என்று ஒரு குறிப்பு. வெறும் சொல்லைத் தேடும் இயந்திரம் இந்த ஆளுக்குக் காய்ச்சல், சர்க்கரை, நிமோனியா என்று மூன்றையும் கட்டிவிடும். பாவம், அவர் இப்போது முழங்கால் வலி என்று வந்திருப்பார்! இந்தக் கருவி ‘இல்லை’ என்பதையும், நோய் யாருக்கு என்பதையும், எப்போது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. பிரெஞ்சில் ‘இல்லை’யைச் சொல்லும் விதமே வேறு. ஆங்கிலத்துக்கு எழுதிய விதிகளைப் பிரெஞ்சுக்கென்று மாற்றி எழுத வேண்டியிருந்தது. தமிழுக்கு எழுதினால் இன்னும் வேடிக்கை, நாம் ‘இல்லை’யைக் கடைசியில்தான் சொல்வோம்.

தமிழ் என்றதும் கேட்பீர்கள், நமக்கு? சித்த மருத்துவ நோய்ப்பெயர்களுக்கு எண் கொடுக்கும் வேலை நடக்கிறது. ஆயுஷ் அமைச்சகத்தின் நமஸ்தே தளத்தில் சித்தா பட்டியல் இருக்கிறது. 2024 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாவது நோய்ப்பட்டியலிலும் ஆயுர்வேதம், யுனானியோடு சித்தாவுக்கு இடம் கிடைத்தது. எண் போடுகிறவர்கள் பாடு கஷ்டம்தான். ‘வாதம்’ என்று ஒரு சொல்லை எடுங்கள். சித்தருக்கு அது உடம்பை இயக்கும் மூன்றில் ஒன்று. நமக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் வாதம், மூட்டு வீங்கினாலும் வாதம். வக்கீலைக் கேட்டால் அது அவருடைய பிழைப்பு.

இந்த மாதிரி குழப்பம் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். டாக்டர் ஒன்று சொல்லி நீங்கள் வேறொன்று புரிந்துகொண்டு பயந்த கதையைக் கமெண்டில் எழுதுங்கள். ராஜபிளவைக்கு உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தால் அதையும் போடுங்கள். அந்தப் புதுச்சேரி அம்மாவும் இந்தச் சேனலைப் பார்ப்பவர்தான். அம்மா, கதையைச் சொல்ல அனுமதி கொடுத்ததற்கு நன்றி, மருமகளின் தொண்டை சரியாகிவிட்டதாம்.