எமுலேட்டரில் ஓடிய செயலி கைபேசியில் ஏன் தடுமாறுகிறது?

[திரையில்: கணினியில் எமுலேட்டர், மேசைமேல் ஒரு கைபேசி. இரண்டிலும் ஒரே உள்நுழைவுப் பக்கம்.]

எமுலேட்டரிலும் (கணினிக்குள் கைபேசிபோல நடந்துகொள்ளும் மென்பொருள்) கைபேசியிலும் இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஒரே செயலிதான். எமுலேட்டரில் உள்நுழைவுப் பொத்தானை அழுத்தியதும் அடுத்த பக்கம் வந்துவிடுகிறது. கைபேசியில் அதே பொத்தானை அழுத்தினால், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் 'சர்வருடன் இணைய முடியவில்லை' என்கிறது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்பதற்கு முன், கைபேசியைக் கணினியுடன் சரியாக இணைத்துக்கொள்வோம்.

[திரையில்: ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்]

செட்டிங்ஸில் கைபேசியைப் பற்றிய விவரங்கள் இருக்கும் பக்கத்துக்குச் சென்று, 'பில்டு நம்பர்' என்ற வரியை 7 முறை தட்டினால், அதுவரை மறைந்திருந்த 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' வெளியே வரும். அதற்குள் 'யுஎஸ்பி டீபக்கிங்' (கணினியிலிருந்து கேபிள் வழியாகக் கைபேசியில் செயலியைச் சோதிக்க விடும் வசதி) என்பதை இயக்கிவிட்டு, கேபிளைச் செருகி, கணினியின் டெர்மினலில் 'ஏடிபி டிவைசஸ்' என்ற கட்டளையைக் கொடுங்கள். ஏடிபி என்பது கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு கைபேசிக்குக் கட்டளையிடும் கருவி; இந்தக் கட்டளை இணைந்திருக்கும் கைபேசிகளைப் பட்டியலிடும். கைபேசியின் எண்ணுக்குப் பக்கத்தில் 'அன்ஆதரைஸ்டு' என்று வந்தால் பயப்பட வேண்டியதில்லை. கைபேசியின் திரையைத் திறந்து பாருங்கள், இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்ற கேள்வி அங்கே பதிலுக்காகக் காத்திருக்கும்.

பட்டியல் வெறுமையாகவே இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். சில கேபிள்களில் சார்ஜ் ஏற்றுவதற்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவு செல்லும் கம்பிகள் இருக்காது. சார்ஜ் ஏறுகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்பி, ஒரு மாலை முழுவதும் டிரைவரை (கைபேசியைக் கணினிக்கு அடையாளம் காட்டும் மென்பொருளை) அழித்து அழித்து நிறுவிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. கேபிளை மாற்றியும் வரவில்லை என்றால், விண்டோஸ் கணினியில் அந்தக் கைபேசி நிறுவனத்தின் யுஎஸ்பி டிரைவர் தேவைப்படலாம்.

[திரையில்: மீண்டும் உள்நுழைவுப் பக்கம்]

இப்போது அந்தச் சுற்றும் வட்டத்துக்கு வருவோம். சோதனைக்கான சர்வர் நம் கணினியிலேயே 8080 என்ற போர்ட்டில் (இணைப்புக்கான வாசல் எண்ணில்) ஓடுகிறது. நம் நிரலில் சர்வரின் முகவரியாக 10.0.2.2 என்று எழுதியிருக்கிறோம். எமுலேட்டருக்குள் அந்த முகவரி, எமுலேட்டர் ஓடும் கணினியையே குறிக்கும் என்பது ஆண்ட்ராய்டு எமுலேட்டருக்கே உரிய ஏற்பாடு. கைபேசிக்கு அந்த ஏற்பாடு தெரியாது. அதற்காக 'லோக்கல்ஹோஸ்ட்' என்று மாற்றி எழுதினால் மட்டும் போதாது, ஏனென்றால் கைபேசியைப் பொறுத்தவரை லோக்கல்ஹோஸ்ட் என்பது கைபேசியே. அது தனக்குள்ளேயே சர்வரைத் தேடிவிட்டு, இல்லை என்று கைவிரிக்கிறது.

இதற்கு ஏடிபியிலேயே வழி இருக்கிறது. நிரலில் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்று வைத்துக்கொண்டு, 'ஏடிபி ரிவர்ஸ்' கட்டளையில் 8080 என்ற போர்ட்டை இரு பக்கத்துக்கும் கொடுத்துவிட்டால், கைபேசி தன் லோக்கல்ஹோஸ்டின் 8080-க்கு அனுப்பும் கோரிக்கைகள் கேபிள் வழியாகக் கணினியின் 8080-க்கு வந்து சேரும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் இந்த ஏற்பாடு போய்விடும். கட்டளையை மறுபடி கொடுக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆண்ட்ராய்டு 9-ஐயும் அதற்குப் பிந்தைய பதிப்புகளையும் இலக்காகக் கொண்ட செயலிகளில், குறியாக்கம் இல்லாத எச்டிடிபி இணைப்பு இயல்பாகவே தடுக்கப்படும். எமுலேட்டரில் பழைய ஆண்ட்ராய்டு பதிப்பை வைத்துக்கொண்டு சோதித்தவர்களுக்கு இந்தத் தடை கைபேசியில்தான் முதன்முதலாகத் தெரியவரும்.

[திரையில்: பாதி நிரப்பிய படிவம், பிறகு கேமரா]

முகவரிச் சிக்கல் உடனே கண்ணில் பட்டுவிடுகிறது என்பதால் ஒருவகையில் நல்லது. நினைவகத்தால் வரும் சிக்கல் அப்படியல்ல. ஒருவர் படிவத்தைப் பாதி நிரப்பி, புகைப்படம் எடுப்பதற்காகக் கேமராவைத் திறக்கிறார். கேமராவுக்கு நிறைய நினைவகம் வேண்டும். அது போதாதபோது, பின்னணிக்குச் சென்ற நம் செயலியை ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறது. படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் படிவம் வெறுமையாக இருக்கிறது. எமுலேட்டரில் வேறு செயலிகள் எதுவும் ஓடாததால், நூறு முறை முயன்றாலும் இது நடக்காமல் போகலாம். வேண்டுமென்றே நடக்கவைக்க, முகப்புத் திரைக்குச் சென்றபின் 'ஏடிபி ஷெல் ஏஎம் கில்' என்ற கட்டளையுடன் செயலியின் பேக்கேஜ் பெயரை (ஆண்ட்ராய்டு அதை அடையாளம் காணும் தனிப்பெயரை) கொடுத்துவிட்டு, சமீபத்திய செயலிகள் பட்டியலிலிருந்து அதைத் திறந்து பாருங்கள்.

வேகத்தையும் கைபேசியில்தான் அளக்க வேண்டும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டகத்தை, அதாவது ஒவ்வொரு முறையும் திரையில் தோன்றும் படத்தை, வரைய ஏறத்தாழ 16.7 மில்லி நொடிகளும், 120 முறை புதுப்பிக்கப்படும் திரையில் 8.3 மில்லி நொடிகளும்தான் கிடைக்கும். ஆனால் டீபக் பில்டை (பிழை தேடுவதற்காக உருவாக்கிய வடிவத்தை) வைத்துக்கொண்டு செயலி மெதுவாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது அவசரம். ரிலீஸ் பில்டை (பயனர்களுக்கு வெளியிடும் வடிவத்தை) நிறுவிப் பார்த்த பிறகு கவலைப்படலாம்.

ஐபோனில் கதை சற்று வேறு. ஐபோன் செயலிகளை உருவாக்க ஆப்பிள் தரும் எக்ஸ்கோடுடன் வரும் சிமுலேட்டர் மேக் கணினியின் கோப்பு முறையையே பயன்படுத்துகிறது. மேக்கின் இயல்பான அமைப்பு கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதும், ஐபோன் கருதாது. சிமுலேட்டரில் தெரிந்த படம் ஐபோனில் காணாமல் போனால், பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். ஐஓஎஸ் 16 முதல் 'டெவலப்பர் மோடு' இயக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும், ஆப்பிளின் கட்டணமில்லாக் கணக்கில் நிறுவிய செயலி 7 நாட்களில் திறக்காமல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பல திரை அளவுகளையும் பழைய பதிப்புகளையும் ஒரே மேசையில் பார்ப்பதற்கு எமுலேட்டரைவிட வசதியானது எதுவும் இல்லை, அதை நீக்கிவிடாதீர்கள்.

[திரையில்: யுஎஸ்பி டீபக்கிங் பொத்தான் அணைக்கப்படுகிறது]

வேலை முடிந்ததும் யுஎஸ்பி டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் சில வங்கிச் செயலிகள் திறக்கவே மறுக்கும். சோதனைக்குப் பயன்படுத்துவது நீங்கள் அன்றாடம் வைத்திருக்கும் கைபேசி என்றால், இந்த மறுப்பு பணம் செலுத்த வேண்டிய நேரத்தில்தான் தெரியவரும்.