வைஸுக்கு உயிர் நட்டில்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்கள் யாராவது இப்போது ரேடியோ பக்கத்தில் இருந்தால், பெஞ்ச் வைஸ் என்றதுமே அவர்களுக்குத் தங்கள் உள்ளங்கை ஞாபகத்துக்கு வரும். சேர்ந்த புதிதில் ஒரு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, "வைஸ்ல மாட்டி அரம் போடு" என்று நிறுத்திவிடுவார்கள். செங்கோணம் பார்க்கிற மூலைமட்டமான ட்ரை ஸ்கொயரை வைத்துத் தூக்கிப் பார்த்தால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. அதுவரை அரம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கை கொப்பளித்துவிடும். அத்தனை நாளும் அந்தத் துண்டை இம்மி நகரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது வைஸ்தான்.

மற்றவர்களும் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் கடை, மோட்டார் ரீவைண்டிங் கடை, லேத் பட்டறை, எங்கே போனாலும் மேஜை ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருப்பார்கள். இரண்டு தாடைகள். பின்தாடை அசையாது, முன்தாடை நகரும். நடுவில் தடித்த ஸ்குரூ. அந்த ஸ்குரூ ஏறி இறங்குகிற நட், பின்தாடையின் வயிற்றுக்குள் வெளியே தெரியாமல் இருக்கும். ஹேண்டிலைச் சுற்றினால் முன்தாடை வந்து கவ்வும். இவ்வளவுதான் அமைப்பு.

நான் பேச வந்தது பழைய வைஸ்களைப் பற்றி. அறுபது, எழுபது வருஷம் உழைத்துவிட்டு இரும்புக் கடையில் வந்து கிடப்பவை. அவற்றைத் தேடி எடுத்து, பிரித்து, பழுது பார்த்து, மறுபடி வேலைக்கு நிறுத்துகிற ஆள் நான். கோவையில் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கு இது தெரியும். "வைஸ் ஒண்ணு வந்திருக்குதுங்ணா, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். கோவை பஞ்சாலை ஊர் ஆயிற்றே. மில் என்று இருந்தால் அதற்குள் ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கும், ஒர்க்‌ஷாப் என்று இருந்தால் வைஸ் வரிசையாக இருக்கும். மில்கள் மூடியபோது ஸ்பின்னிங் மெஷின்களோடு இவையும் ஏலத்துக்குப் போயின.

இரும்புக் கடையில் வைஸுக்குத் தனி மதிப்பு கிடையாது. உடம்பு வார்ப்பிரும்பு என்பதால் காஸ்ட் ஸ்கிராப் கணக்கில் எடை போடுவார்கள். சம்மட்டியால் நாலு போடு போட்டு உடைத்து லாரியில் ஏற்றினால் நேரே ஃபவுண்டரி. பிக் அயர்ன், கோக், சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்து கியூபோலா உலையில் கொட்டினால், பம்ப் பாடியாகவோ மோட்டார் கவராகவோ வெளியே வரும். ஃபவுண்டரிக்காரர்களை நான் குறை சொல்லவில்லை, அந்த உலைகளால்தான் இந்த ஊரே வளர்ந்தது. ஆனால் ஸ்குரூ தேயாமல், உடம்பு உடையாமல் இருக்கிற ஒரு வைஸை உருக்கப் போகிறார்கள் என்றால் எனக்கு மனசு கேட்பதில்லை.

நம் பக்கம் கிடைக்கும் வெளிநாட்டு வைஸ்களில் நான் அதிகம் பார்ப்பது ரெக்கார்ட். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்து சி அண்ட் ஜே ஹாம்ப்டன் கம்பெனியின் தயாரிப்பு. பெயரும் நம்பரும் உடம்பிலேயே வார்ப்பெழுத்தில் புடைத்திருக்கும். நம்பர் 3 என்றால் தாடை அகலம் 4 இஞ்ச். நம்பர் 5-ம் 6-ம் முறையே 5 இஞ்ச், 6 இஞ்ச். மேலே எத்தனை கோட் பச்சையும் சாம்பலும் அடித்திருந்தாலும், ஒரு மூலையைச் சுரண்டினால் அடியில் கம்பெனியின் நீலம் தெரியும்.

அதற்கும் மூத்தது பார்க்கின்சன். யார்க்‌ஷையரில் பிராட்ஃபோர்டை ஒட்டிய ஷிப்லி என்கிற ஊரில் செய்தது. 'பார்க்கின்சன்ஸ் பெர்ஃபெக்ட் வைஸ்' என்று உடம்பிலேயே எழுதியிருப்பார்கள். அந்தப் பெயருக்கு அது தகுதியானது என்றே நான் நினைக்கிறேன். காரணம் அதன் குவிக் ரிலீஸ். ஸ்குரூவை முழுசாகச் சுற்றிப் பிடிக்கும் நட்டுக்குப் பதிலாக, ஒரு பக்கம் மட்டும் மறையை, அதாவது ஸ்குரூவின் திருகு வரிகளை, கவ்வுகிற அரை நட் வைத்தார்கள். ஹேண்டிலுக்குப் பக்கத்தில் உள்ள லீவரை அழுத்தினால் அந்த அரை நட் ஸ்குரூவை விட்டு விலகும். முன்தாடையை ஒரே இழுப்பில் வெளியே இழுக்கலாம், ஒரே தள்ளில் உள்ளே தள்ளலாம். லீவரை விட்டதும் நட் மறுபடி மறையில் உட்காரும், அரைச் சுற்று போட்டால் இறுகிவிடும். நாள் முழுக்கச் சின்னதும் பெரிசுமாக மாற்றி மாற்றிப் பிடிக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி! ரெக்கார்டிலும் 23, 24, 25 என்று வருகிறவை இந்த ரகம்தான்.

அமெரிக்காவில் இதைச் சேகரிப்பவர்கள் ஏராளம். அங்கே பலரும் தேடுவது வில்ட்டன். 1941-ல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி. பின்பக்கம் துப்பாக்கித் தோட்டா மாதிரி உருண்டையாக மூடியிருப்பதால் 'புல்லட் வைஸ்' என்றே பெயர். ஸ்குரூ முழுவதும் அந்தக் கூட்டுக்குள் இருக்கிறது, அரத்தூள் உள்ளே போக வழியில்லை. முன்தாடையை வெளியே இழுத்து அடிப்பக்கம் பார்த்தால் மாதமும் வருஷமும் குத்தியிருக்கும். பலவற்றில் அது உத்தரவாதம் முடிகிற தேதி. அதிலிருந்து ஐந்து வருஷத்தைக் கழித்தால் செய்த தேதி கிடைத்துவிடும். ஒரு வைஸின் வயதை அதன் உடம்பிலேயே படிக்க முடிவது சேகரிப்பவருக்குப் பெரிய சந்தோஷம்.

பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. நான் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது விரிசல். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வளைந்து கொடுக்காது, சட்டென்று உடையும். பின்தாடை உடம்போடு சேர்கிற கழுத்துப் பகுதியிலும், முன்தாடை நகர்கிற சட்டம் உள்ளே நுழைகிற இடத்திலும்தான் விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒரு பழைய வழி இருக்கிறது. அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி மண்ணெண்ணெயை நன்றாக ஊறவிடுங்கள். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். கொஞ்ச நேரம் பொறுத்தால், விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் மேலே கசிந்து வெள்ளைத் தூளில் மெல்லிய கறுப்புக் கோடாக நிற்கும். கழுத்தில் அந்தக் கோடு வந்தால் நான் அந்த வைஸை விட்டுவிடுவேன். வார்ப்பிரும்பை முன்கூட்டிச் சூடாக்கி, நிக்கல் ராடு போட்டு வெல்டிங் செய்து, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவைக்கத் தெரிந்த கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. இருந்தாலும் முழு அழுத்தமும் விழுகிற கழுத்தில் அந்த ஒட்டை நம்பி ஒரு பையனை வேலைக்கு நிறுத்த எனக்குத் துணிவில்லை.

அடுத்து ஹேண்டில். ஒரு துண்டைப் பிடித்து இறுக்கிவிட்டு, மெதுவாகத் தளர்த்திப் பாருங்கள். ஹேண்டில் எவ்வளவு தூரம் சும்மா சுற்றிய பிறகு தாடை நகரத் தொடங்குகிறது? கொஞ்சம் விளையாட்டு எல்லா வைஸிலும் இருக்கும். கால் சுற்றுக்கு மேல் போனால் உள்ளே நட்டின் மறை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வைஸுக்கு உயிர் அந்த நட்டில் இருக்கிறது. வெளியே எத்தனை பளபளப்பு இருந்தாலும் நட் போனால் பிடி போயிற்று.

பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஸ்குரூவைக் கடைசிவரை தளர்த்தினால் நட்டை விட்டு வெளியே வரும், அந்த நொடியில் முன்தாடை அப்படியே நழுவும். 6 இஞ்ச் வைஸ் மொத்தமாக 20 கிலோவுக்குக் குறையாது. அதில் பாதி கால் விரலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

தாடை முகத்தில் பதித்திருக்கும் தகடுதான் ஜா பிளேட். அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூக்கள்தான் பொறுமையைச் சோதிக்கும். தலையில் உள்ள காடி முழுக்க அரத்தூளும் கிரீஸும் கல்லாகியிருக்கும். உடைந்த ஹாக்ஸா பிளேடின் நுனியால் அந்தக் காடியை முதலில் சுத்தமாகத் தோண்டுங்கள். மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காடி முழுவதும் நிறைகிற அகலமான திருப்புளியை வைத்து, அதன் பின்னால் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். அவசரப்பட்டால் தலை மழுங்கிவிடும், அப்புறம் டிரில் போட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை.

துருவுக்கு நான் விரும்புவது எலக்ட்ரோலிசிஸ். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், 10 லிட்டருக்கு மூன்று மேஜைக்கரண்டி வாஷிங் சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் வைஸுக்கு, பாசிட்டிவ் ஏதாவது பழைய இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. எவர்சில்வர் தகடு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கிவிடும். டிரம்மிலிருந்து ஹைட்ரஜன் வாயு குமிழியாகக் கிளம்பும், அதனால் திறந்த வெளியில் வைத்து, பீடி சிகரெட் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையை விடுமுன் சார்ஜரை நிறுத்த வேண்டும். மறுநாள் எடுத்தால் துரு கறுப்புச் சேறாகத் தேங்காய் நாரில் தேய்த்தாலே போய்விடும், நல்ல இரும்பு ஒரு இழை குறையாது. கிரைண்டிங் வீலில் அப்படி வருமா? துருவோடு வார்ப்பெழுத்தின் விளிம்பும் போய்விடும். கழுவிய உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். விட்டால் கண்ணெதிரே மஞ்சள் பூக்கும்.

நட் தேய்ந்திருந்தால் புதிதாகச் செய்யலாம். இதற்கு லேத்தில் கடைகிற நல்ல டர்னர் வேண்டும். பழைய வைஸ்களின் ஸ்குரூ பெரும்பாலும் சதுர மறை. வெளியே சதுர மறை வெட்டுவது ஒரு மாதிரி, நட்டுக்குள் வெட்டுவது வேறு மாதிரி. டூல் உள்ளே என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, கையும் காதும்தான் சொல்ல வேண்டும். டூலின் பக்கவாட்டுக் கோணம் ஒரு துளி தவறினாலும் மறை கிழியும். இன்னொன்று, இங்கிலாந்து வைஸ் எல்லாம் இஞ்ச் கணக்கு. ஸ்குரூ மீது ஸ்கேலை வைத்து ஒரு இஞ்சுக்கு எத்தனை மறை என்று எண்ணிச் சொன்னால்தான் லேத்தில் கியர் மாற்றிப் போட முடியும். மில்லிமீட்டரில் கிட்டத்தட்டப் பொருந்துகிற அளவை வெட்டினால் முதல் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் சிக்கிக்கொள்ளும். நான் நட்டை, ஸ்குரூவைவிட மென்மையான வெண்கலக் கலவையான பாஸ்பர் பிரான்ஸில் செய்யச் சொல்வேன். தேய வேண்டியது நட்டாக இருக்கட்டும், ஸ்குரூ பிழைக்கும்.

சின்ன ஸ்குரூக்களிலும் இதே கவனம் வேண்டும். பழைய ஆங்கில வைஸ்களில் இருப்பது விட்வொர்த் மறை. 1841-ல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த அளவு, மறையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மறை 60 டிகிரி. மெட்ரிக் போல்ட்டை முறுக்கி ஏற்றினால் நூறு வருஷத்து ஓட்டை ஒரே நிமிஷத்தில் பாழ். நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் இன்றும் விட்வொர்த் போல்ட் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். நமக்கு இது பெரிய வசதி.

இப்போது பெயிண்ட் விஷயம். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பட்டி பார்த்து, எல்லாப் பள்ளத்தையும் அடைத்து, கார் மாதிரி மினுமினுக்க அடித்து விற்கிறார்கள். அந்தப் பட்டிக்கு அடியில் விரிசல் இருந்தால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? பின்னால் உள்ள அடிமேடையில் சுத்தியல் விழுந்த தழும்பு, தாடை ஓரத்தில் ஹாக்ஸா தவறி விழுந்த வெட்டு, இதெல்லாம் இருக்கட்டும். யாரோ ஒருவர் அங்கே நின்று பிழைத்திருக்கிறார். நான் மூலப் பெயிண்ட் மிச்சம் இருந்தால் அப்படியே எண்ணெய்த் துணியால் துடைத்து விட்டுவிடுவேன். முழுவதும் போயிருந்தால் மட்டும் ஒரு கோட் எனாமல். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தூள் கிளப்பாதீர்கள்.

பழுது பார்த்த வைஸ்களில் பெரும்பாலானவை என்னிடம் தங்குவதில்லை. டூ வீலர் கடை புதிதாகப் போடுகிற பையன்கள் வாங்கிப் போகிறார்கள். அவர்களிடம் நான் சொல்லி அனுப்புவது கொஞ்சம்தான். ஹேண்டிலில் பைப் போட்டு நீட்டி இறுக்காதே. அந்த வைஸின் தாங்குசக்தியைப் பார்த்துத்தான் ஹேண்டிலின் நீளத்தை வைத்திருக்கிறார்கள், பைப் போட்டால் ஒன்று நட் கிழியும், இல்லையென்றால் உடம்பு பிளக்கும். ஓங்கி அடிக்கிற வேலைக்கு லெக் வைஸ் வேறு இருக்கிறது, கொல்லுப் பட்டறையில் பார்க்கலாம். அடித்துச் செய்த இரும்பு, தரைவரை ஒரு கால் நீண்டிருக்கும், அடியின் வேகம் தரைக்குப் போய்விடும். பெஞ்ச் வைஸ் அதற்குப் பிறந்ததில்லை. ஸ்குரூவுக்கு லேசாகக் கிரீஸ், நகர்கிற சட்டத்துக்கு மெல்லிய எண்ணெய் மட்டும். அங்கே கிரீஸை அப்பினால் அரத்தூள் ஒட்டி அதுவே உப்புத்தாளாகத் தேய்க்கும்.

மாட்டும்போது, நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் தாடையின் மேல்விளிம்பு முழங்கை உயரத்தில் வர வேண்டும். பின்தாடையின் முகம் மேஜை விளிம்பைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் நீளமான பைப்பைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும், மேஜை இடிக்காது.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது அப்பா நடத்திய பட்டறையை மூடுகிற நிலையில் இருந்தால், வைஸை எடைக்குப் போடுமுன் பக்கத்து ஐ.டி.ஐ. ஆசிரியரையோ, ஏதாவது ஒரு லேத் பட்டறைக்காரரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். தேவைப்படுகிற கை எங்காவது இருக்கும். கொடுக்கும்போது ஹேண்டில், ஜா பிளேட், ஸ்பிரிங் எதையும் தனியாகக் கழற்றி எடுத்துவிடாமல் முழுசாகக் கொடுங்கள். பழைய அளவில் அவற்றைத் திரும்பச் செய்வதுதான் கஷ்டம்.

நன்றி, வணக்கம்.