ஈரத்துக்கு நாம் கொடுக்கும் விலை

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஐப்பசி பாதி கழிந்ததும் எங்கள் வீட்டில் மழைக்காலத்தை முதலில் அறிவிப்பது சமையலறை மேடையில் இருக்கும் உப்பு ஜாடிதான். மூடியைத் திறந்து கையை விட்டால் கல்லுப்பு விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் ஜாடியின் அடியில் தண்ணீர் கட்டி நிற்கும். என் மாமியார் ஒரு பிடி அரிசியை வெறும் சட்டியில் வறுத்து, மெல்லிய துணியில் முடிந்து, அந்த ஜாடிக்குள் போட்டு வைப்பார். குளிர்காலச் சிக்கனம் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து அழைத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த அரிசி முடிச்சுதான்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் நாம் குளிர் என்று சொல்வது தை மாதத்து விடியற்காலையில்கூட ஏறக்குறைய 20 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. கணப்பு மூட்ட வேண்டிய தேவையோ கம்பளிக் கோட்டு வாங்க வேண்டிய தேவையோ நமக்கு இல்லை. ஆனால் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையின் ஈரம், மார்கழிப் பனியோடு சேர்ந்துகொண்டு, பொங்கல் வரைக்கும் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கராக இருந்த பழக்கத்தால் வீட்டு வரவு செலவையும் நான் நெடுங்காலமாக நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். அந்த நோட்டுகளைப் புரட்டும்போது, இந்த மூன்று நான்கு மாதங்களில் வழக்கத்துக்கு மேல் போன காசு பெரும்பாலும் குளிரால் போனதன்று, ஈரத்தால் போனது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

குளிரின் பெயரால் நாம் செய்யும் உண்மையான செலவு ஒன்று உண்டென்றால் அது வெந்நீர். மின்விசிறி ஓய்ந்து, ஏ.சி. அணைந்து, மின்கட்டணம் தானாகவே இறங்க வேண்டிய மாதங்களில் அது இறங்காமல் நிற்பதற்கு, குளியலறையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும் கீசரே பெரும்பாலும் காரணம். அதன் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும். 2000 வாட் கருவிக்கு அது அரை மணி நேர வேலை. அந்த நீரோடு குழாய்த் தண்ணீரைக் கலந்து இதமான சூட்டுக்கு விளாவினால் 55 லிட்டருக்கு மேல் கிடைக்கும், அதாவது நான்கு பேருக்கு ஆளுக்கொரு வாளி. ஆகவே நால்வர் உள்ள வீட்டில் ஒரு நாள் வெந்நீருக்கு ஒரு யூனிட் போதுமானது. நடைமுறையில் என்ன நடக்கிறது? அப்பா ஆறு மணிக்குக் குளிக்கிறார், பிள்ளை ஏழரைக்கு எழுந்திருக்கிறான், பாட்டி வெயில் ஏறட்டும் என்று பத்து மணி வரை காத்திருக்கிறார். இடைப்பட்ட நேரமெல்லாம் கருவி ஆறிய நீரை மீண்டும் மீண்டும் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒருவர் பின் ஒருவராக அடுத்தடுத்துக் குளிப்பதும், கடைசி ஆளுக்கு முன்பே சுவிட்சை அணைப்பதும் காசில்லாமல் செய்யக்கூடிய மாற்றங்கள். வாளியில் போடும் ஹீட்டர் கம்பி விலை குறைந்ததுதான். ஆனால் அது மின்சாரத்தில் இருக்கும்போது சூடு பார்க்கக் கைவிடுகிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழ்நாட்டில், கடலூர்க்காரர்களாகிய நமக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியன்று; 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் அப்போது கைவிட்டுப் போய்விடுகிறது. 490-இல் நிற்பதற்கும் 510-இல் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு இருபது யூனிட்டின் விலை மட்டும் அன்று. அறுபது நாளில் அறுபது யூனிட்டில் முடிய வேண்டிய வெந்நீர் நூற்றைத் தொட்டால், அந்த எல்லையைத் தாண்ட வைப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். புதுச்சேரியில் மாதாமாதம் கணக்கு எடுப்பதால் கட்டணப் படிகளின் எல்லை வேறு. ஆனால் மீட்டரை மாத நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வழக்கம் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் பயன்படும்.

அடுத்தது துணி. மழை நாளில் காயாத சட்டை, மறுநாள் நாற்றமடித்து, மீண்டும் சோப்புத்தூளும் தண்ணீரும் மின்சாரமும் கேட்கிறது. அதைவிட மோசமானது, அரை ஈரமான பள்ளிச் சீருடையை இஸ்திரிப் பெட்டியால் காய வைப்பது. 1000 வாட் பெட்டியைத் துணியின் ஈரத்தைப் போக்கப் பயன்படுத்துவது, பீரங்கியால் கொசு அடிப்பது போன்றது. பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட்தான் எடுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினாலும் 0.6 யூனிட். இரண்டு நாற்காலிகளுக்கு இடையே கயிறு கட்டி, துணிக்கும் துணிக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு, சட்டைகளை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டால், விடியும்போது அவை காய்ந்திருக்கும். அதே மின்விசிறி அந்த அறையில் படுத்திருப்பவர்களுக்குக் கொசுவையும் விரட்டிவிடும் என்பதால் அதை இரட்டைச் சம்பளம் இல்லாமல் இரட்டை வேலை பார்க்கும் ஆள் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வோம்.

சமையலறைக்கு வருகிறேன். நவம்பரிலும் டிசம்பரிலும் தக்காளியும் வெங்காயமும் முருங்கைக்காயும் ஏறுகிற ஏற்றத்தைத் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் கூடை ஏந்தி நின்றவர்கள் அறிவார்கள். கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகுகள் கரையிலேயே கட்டிக் கிடப்பதால் கடலூர் முதுநகரில் மீனும் கைக்கெட்டாது. நம் முன்னோர் இதற்குச் சித்திரை வெயிலிலேயே பதில் வைத்திருந்தார்கள்: கொத்தவரங்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல், மோர் மிளகாய், கருவாடு. இந்த ஆண்டு போடாதவர்கள் போட்டவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். கிலோக் கணக்கில் வாங்கிய தக்காளி அழுகிப் போவதைவிட அது மலிவு. தக்காளி இல்லாமல் ரசம் வைக்க முடியாது என்று இளைய தலைமுறை நம்புகிறது. வெறும் புளியும் மிளகும் பூண்டும் சேர்ந்த ரசத்தை மழை நாளில் ஒருமுறை குடித்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை தளரும். பொங்கலை ஒட்டி நிலைமை தலைகீழாக மாறுகிறது. பச்சை மொச்சை, அவரை, பரங்கி, சர்க்கரைவள்ளி ஆகியவை வண்டி வண்டியாக வந்து இறங்குகின்றன. பொங்கலுக்கு முதல் நாள் மாலை பேரம் பேசிக் களைத்த அதே கரும்பு, காணும் பொங்கலன்று கேட்பாரற்றுச் சாய்ந்து கிடக்கும்.

மாவு புளிக்கவில்லை என்பதும் இந்தப் பருவத்தின் குறைதான். அதற்காக நாள்தோறும் கடையில் மாவுப் பொட்டலம் வாங்குகிற வீடுகளை நான் அறிவேன். ஊறவைக்கும் உளுந்தோடு வெந்தயத்தைச் சற்றுக் கூட்டி, அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, இரவுச் சோறு வடித்த சூட்டோடு இருக்கும் பானைக்குப் பக்கத்தில் மாவுப் பாத்திரத்தை வைத்தால் காலையில் அது பொங்கி நிற்கும். முதியவர்கள் உள்ள வீட்டில் குடிக்க வெந்நீர் என்று ஒரு நாளைக்கு ஆறுமுறை அடுப்பு மூட்டுகிறோம். காலையில் ஒருமுறை கொதிக்கவைத்து ஒரு நல்ல ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிட்டால் 14.2 கிலோ சிலிண்டர் சில நாட்கள் கூடுதலாக வரும். அரிசியிலும் பருப்பிலும் வண்டு விழுவதற்குக் காரணம் ஈரம் என்பதால் இந்த மாதங்களில் மொத்தமாக வாங்குவது சிக்கனமாகாது. பதினைந்து நாளுக்கு வேண்டியதை வாங்கி, காய்ந்த வேப்பிலையும் நான்கு வரமிளகாயும் போட்டு மூடி வைப்பதே மேல்.

புயல் எச்சரிக்கை வந்ததும் கடைக்கு ஓடுவதைப் பற்றி என் சொந்த அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது நம் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல இடங்களில் மின்சாரம் வருவதற்குப் பல நாட்கள் ஆயின. என் குளிர்சாதனப் பெட்டியில் புத்தாண்டுக்கென்று நிரப்பி வைத்திருந்த பாலும் காய்கறியும் மாவும் முழுவதும் கெட்டு, தெருக்கோடிக் குப்பைத் தொட்டிக்குப் போயின. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, பழைய பாடத்தை நினைவில் வைத்துப் பெட்டியைக் காலியாக வைத்திருந்தேன். ஆனால் பயத்தில் பன்னிரண்டு ரொட்டிப் பொட்டலம் வாங்கிவிட்டேன். எட்டில் பச்சைப் பூஞ்சை பிடித்தது. மெழுகுவத்தி, பேட்டரி, தீப்பெட்டி, அவல், பொரிகடலை ஆகியவற்றைப் புரட்டாசியிலேயே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள். எச்சரிக்கை வந்த நாளில் செய்ய வேண்டியது மேல்தொட்டியை நிரப்புவதும் கைப்பேசிக்கு மின்னேற்றுவதும் மட்டுமே.

உடம்புக்கான செலவில் இரண்டே செய்திகள். மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கிறதல்லவா, அதை உள்ளங்கையில் தேய்த்தால் உருகிவிடும். வெடித்த குதிகாலுக்கும் உதட்டுக்கும் அதுவே போதும், தனித்தனிக் களிம்பு வேண்டியதில்லை. மற்றது, காய்ச்சலில் சிக்கனம் பார்க்காதீர்கள். மழைக்குப் பின் டெங்கு பரவும் காலம் இது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவதற்குப் பதிலாக, காசு செலவில்லாத அரசு மருத்துவமனைக்கு முதல் நாளிலேயே போய்விடுங்கள்.

பொங்கல் கழிந்து இரண்டு நாள் தொடர்ந்து வெயில் அடித்தால், பீரோவைத் திறந்து பட்டுப் புடவைகளை நிழலில் காற்றாட விரித்து, பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு மடிப்பில் மடித்து வையுங்கள். ஈரம் தங்கிய மடிப்பில்தான் சரிகை கறுக்கும், பட்டு கிழியும். என் கல்யாணப் புடவை அப்படி ஒரு மடிப்பில் போயிற்று. அதன் விலையை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை.

நன்றி, வணக்கம்.