கடைக்குக் காவல் யார்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, ஈரோட்டுப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

கலவரத்தில் எரிந்த சொத்துக்கு நட்டஈடு தர வேண்டியது அரசா, கலவரக்காரரா? அரசுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "எவனோ எரித்ததற்கு என் வரிப்பணமா?" என்று கேட்டுப் பலத்த கைதட்டல் வாங்கினார். கேட்க வேண்டிய கேள்விதான்.

அதற்குப் பதில் நம்ம கோயமுத்தூரிலேயே இருக்கிறது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியை அவருடைய சீக்கிய மெய்க்காப்பாளர்களே சுட்டுக் கொன்றார்கள். அடுத்து டெல்லியில் சீக்கியர்களுக்கு எதிராக நடந்தது ஊரறிந்த கதை. கோவையிலும் சீக்கியர்களின் சொத்துகளுக்குத் தீ வைத்தார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. டெல்லியில் நடந்த கொலைக்கும் கோவையில் பிழைத்துக்கொண்டிருந்த அந்தக் குடும்பங்களுக்கும் என்னங்க சம்பந்தம்? சேத மதிப்பு சுமார் 33 லட்சம் ரூபாய் என்று மாவட்ட ஆட்சியரே கணக்கிட்டுப் பரிந்துரைத்தார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 80களின் கடைசியில் தீர்ப்பு வந்தது. மக்களின் உயிரையும் உடைமையையும் காப்பது அரசின் கடமை, அதில் தவறினால் நட்டத்தை அரசே கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நம்ம கொங்கு மண்ணிலிருந்து போன வழக்கு ஐயா அது!

சரி, ஏன் அரசு? கலவரம் என்றதும் தடை உத்தரவு போடுகிறார்கள், ஊரடங்கு போடுகிறார்கள். கடைக்காரர் தன் கடையைப் பார்க்கப் போனால் போலீஸ் திருப்பி அனுப்பும். அனுப்பட்டும், அது சரிதான். ஆனால் உரிமையாளரை வீட்டுக்குள் இருக்கச் சொன்ன அந்த நேரத்தில் கடைக்குக் காவல் யார்? அரசு மட்டும்தானே!

எதிரணியினர் 2009 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுவார்கள். சேதம் செய்தவர்களும் தூண்டியவர்களுமே பொறுப்பு என்று அது சொல்கிறது. 1992 முதல் தமிழ்நாட்டிலும் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தாராளமாக வசூலியுங்கள், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் எஃப்.ஐ.ஆரில் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று எழுதியிருக்கும்போது யாரிடம் போய் வசூலிப்பது? அரசு முதலில் கொடுக்கட்டும், அப்புறம் குற்றவாளியைத் தேடிப் பிடித்து வாங்கிக்கொள்ளட்டும். தேட ஆளும் அதிகாரமும் அரசிடம் இருக்கிறது, ஜவுளிக் கடைக்காரரிடம் இல்லை.

எரிந்த ஜவுளிக் கடைக்குள் போய்ப் பாருங்கள். தீ தொட்ட துணி கொஞ்சம்தான் இருக்கும். மிச்சமெல்லாம் தீயணைப்பு வண்டியின் தண்ணீரில் ஊறி, ஒரு பீஸின் சாயம் இன்னொன்றில் இறங்கி, புகை நாற்றத்தோடு கிடக்கும். கையில் எடுத்தால் முழுத் துணி, விற்கப் போனால் கழிவு. கணக்கெடுக்க வருகிறவர் "பில் எங்கே?" என்பார். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பில் புத்தகமும் சாம்பல்தானே! மாதாமாதம் அவர் வரி கட்டிய கணக்கு அரசிடமே இருக்கிறது. வாங்கத் தெரிந்த கணக்கு, கொடுக்கும்போது மட்டும் எங்கே போகிறது? இதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது ஐயா.

2002 குஜராத் கலவரத்தில் இடிந்த வழிபாட்டிடங்களுக்கு, அதிகபட்சம் 50,000 ரூபாய் கருணைத்தொகை என்ற மாநில அரசின் திட்டத்தை 2017இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முழு நட்டத்தையும் அரசு தர வேண்டியதில்லை என்று ஆகிறதே, எதிரணிக்கு அது சாதகம்தான், மறைக்கவில்லை. ஆனால் நம்ம உயர் நீதிமன்றம் ஆட்சியரின் சேதக் கணக்கைப் பார்த்துத் தொகை சொன்னது. எனக்கு அந்த வழிதான் நியாயமாகப் படுகிறது.

அடுத்து எதிரணியிலிருந்து பேச வரும் தங்கச்சி ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். 1984இல் கோவையில் கடையை இழந்த சீக்கியர், எந்தக் கலவரக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும்? அந்த விலாசத்தைச் சொன்னால் இந்த மேடையிலேயே எங்கள் கட்சியை விட்டுக்கொடுத்து விடுகிறோம். நன்றி, வணக்கமுங்க.