விலை சொல்லும் உரிமை யாருக்கு?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘உழைப்பவருக்கு நிலைத்த வாழ்வு தருவது பெருநிறுவனமா, கூட்டுறவா?’ என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், “பெரிய கம்பெனி வந்தால்தான் முதலீடு வரும், சந்தை வரும், வேலை வரும், கூட்டுறவு என்றாலே ஊழல்தான்” என்று அடித்துப் பேசினார். சரி, கம்பெனி வரட்டும். வந்த பிறகு விலையைச் சொல்வது யார்?

குஜராத்தின் கேடா மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை அன்று பால்சன் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. மாடு வளர்த்தவருக்கு இடைத்தரகர் வைத்ததுதான் விலை. 1946 ஜனவரியில் விவசாயிகள் கூடிப் பேசினார்கள். இனி ஒரு சொட்டுப் பால் ஊற்றமாட்டோம் என்றார்கள். பதினைந்து நாள்! பால் என்ன நெல்லா, குதிரில் கொட்டி வைக்க? கறந்தது கண்ணெதிரே வீணாகும். அந்த இழப்பையும் தாங்கிக்கொண்டு நின்றார்கள் ஐயா, அன்றாடங்காய்ச்சி ஜனங்கள். கடைசியில் பம்பாய் அரசு இறங்கி வந்தது. அதே வருடம் டிசம்பரில், திரிபுவன்தாஸ் படேல் முன்னின்று நடத்த, கூட்டுறவுச் சங்கம் பதிவானது. தொடக்கத்தில் நாளைக்குச் சுமார் 250 லிட்டர் பால். அதுதான் இன்றைய அமுல்.

அந்தச் சங்கங்களில் விடிகாலையில் பால் ஊற்ற வருகிற அம்மாவைப் பாருங்கள். அளந்து வாங்குகிறார்கள், கொஞ்சம் சாம்பிள் எடுத்துக் கொழுப்புச் சத்து பார்க்கிறார்கள், அதற்கேற்ற பணம் அவர் கணக்கில் ஏறுகிறது. ஒரு மாடு வைத்திருந்தாலும் ஒரு ஓட்டு, பத்து மாடு வைத்திருந்தாலும் ஒரே ஓட்டு. வருடக் கடைசியில் லாபம் வந்தால், ஊற்றிய பாலுக்குத் தக்கபடி போனஸ்.

அதே குஜராத்தில் உருளைக்கிழங்கு போட்டவர்கள் கதை வேறு. தன் பெயரில் பதிவு செய்த ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டார்கள் என்று பெப்சிகோ நிறுவனம் 2019-ல் நான்கு விவசாயிகள் மேல் வழக்குப் போட்டது. ஒவ்வொருவரிடமும் கேட்ட நஷ்டஈடு 1.05 கோடி ரூபாய்! விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது. ஊரெல்லாம் எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் வழக்கை வாபஸ் வாங்கினார்கள்.

வேலை வரும் என்றார் நண்பர். வந்ததே, ஸ்ரீபெரும்புதூருக்கு. 2006-ல் நோக்கியா உற்பத்தி தொடங்கியது, 2014 நவம்பரில் கதவை மூடியது. வரித் தகராறு, கம்பெனி கைமாறியது என்று காரணங்கள் சொன்னார்கள். மூடுகிற முடிவில் உள்ளே வேலை பார்த்த பிள்ளைகளுக்கு ஒரு ஓட்டும் கிடையாது. ஸ்பெயினில் மோந்த்ராகோன் என்ற ஊரில் தொழிலாளர்களே முதலாளிகளாக 1956 முதல் ஆலைகள் நடத்துகிறார்கள். அதில் முக்கியமான ஒன்று, ஃபாகோர், 2013-ல் திவாலானது. கூட்டுறவும் விழும், நான் மறைக்கவில்லை. ஆனால் விழுந்தபோது மற்ற கூட்டுறவுகள் அதன் உறுப்பினர்களில் பலரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டன.

அப்புறம் அந்த ஊழல் புகார். உண்மைதான், நம் சங்கங்கள் பலவற்றில் நடந்திருக்கிறது. ஆனால் நாம் என்ன செய்தோம்? வருடக்கணக்கில் தேர்தலே நடத்தாமல் தனி அலுவலர்களிடம் சங்கங்களை விட்டுவைத்தோம். உறுப்பினரின் ஓட்டைப் பிடுங்கிக்கொண்டால் கணக்குக் கேட்பது யார்? ஒழுங்காகத் தேர்தல் வையுங்கள், தணிக்கையை ஊர்க் கூட்டத்தில் வாசியுங்கள். கூட்டுறவே வேண்டாம் என்று சொல்ல இது காரணமாகாது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், நடுவர் அவர்களே. பால் ஊற்றியவரும் பயிர் விளைவித்தவரும், விலை வைக்கிற இயக்குநரை ஓட்டுப் போட்டு மாற்றிய பெருநிறுவனம் ஒன்றின் பெயரை அவர் இந்த மேடையில் சொல்லட்டும்.