ஒரு கேலனுக்கு ஐந்து டாலர்

அவையோர் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

ஒரு நாடு உண்மையிலேயே சுதந்திர நாடுதானா என்று பார்க்க வேண்டுமானால், அரண்மனைக்குப் போகாதீர்கள். துறைமுகத்துக்குப் போங்கள். கப்பலிலிருந்து இறங்கும் பீப்பாய்க்கு இவ்வளவு வரி என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். இதை எனக்குப் புரியவைத்தது பசிபிக் பெருங்கடலின் நடுவே இருந்த ஒரு சின்ன ராஜ்யம். ஹவாய். பிராந்திக்காக இரண்டு முறை போர்க்கப்பலைப் பார்த்த நாடு அது.

முதலில் அந்த மக்களின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்த நோய்கள் அவர்களைக் கொத்துக்கொத்தாக வாரிக்கொண்டு போயின. 1832-இல் எடுத்த கணக்குப்படி சுமார் 1,30,000 பேர். 1850-இல் சுமார் 84,000 பேர். பதினெட்டு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ஹோனலூலுவிலும் லஹைனாவிலும் வந்து நிற்கும். மாலுமிகள் மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்கள். இறங்கியதும் அவர்கள் தேடுவது சாராயத்தை. இதைப் பார்த்த அரசர் மூன்றாம் கமேஹமேஹாவும் குலத்தலைவர்களும் 1838-இல் சட்டம் போட்டார்கள்: காய்ச்சி வடித்த மது நாட்டுக்குள் வரக்கூடாது, ஒயினுக்குத் தனி வரி. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் அமெரிக்கப் பாதிரிமார்களின் தூண்டுதல் இருந்தது உண்மைதான். ஆனால் தன் கண்ணெதிரே ஜனம் அழிவதைப் பார்க்கிற அரசனுக்கு, யார் சொல்லியாவது சாராயத்தை நிறுத்தத் தோன்றினால், அதில் என்ன தவறு?

1839 ஜூலையில் பிரெஞ்சுக் கப்பல்படைத் தலைவர் லாப்லாஸ் 'ஆர்தெமீஸ்' என்ற போர்க்கப்பலில் வந்து நின்றார். அவர் கொண்டுவந்த புகாரில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹவாயில் கத்தோலிக்கர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். மதத்துக்காகச் சிறையில் கிடந்தார்கள். வழிபாட்டுச் சுதந்திரம் வேண்டும், இல்லையென்றால் பீரங்கி பேசும் என்றார். நல்ல நடத்தைக்குப் பிணையாக 20,000 டாலர் ரொக்கம் கேட்டார். அரசர் மாவி தீவில் இருந்ததால், ஓவாஹு தீவின் ஆளுநர் கெகூவானாவோவாவும் தலைமைப் பொறுப்பில் இருந்த கெகாவுலுஓஹி அம்மையாரும் கையெழுத்திட்டார்கள். பணத்தையும் திரட்டிக் கொடுத்தார்கள். கெகூவானாவோவா என்ற பெயரை மட்டும் நினைவில் வையுங்கள். திரும்பவும் வருவார்.

மதச் சுதந்திரத்தோடு விஷயம் முடிந்திருக்கலாம். முடியவில்லை. சில நாளில் அரசர் வந்ததும் இன்னொரு ஒப்பந்தம் அவர் முன்னால் வைக்கப்பட்டது. அதன் ஆறாவது பிரிவு: பிரெஞ்சுச் சரக்குகளை, குறிப்பாக ஒயினையும் பிராந்தியையும், தடைசெய்யக் கூடாது, மதிப்பில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வரி போடக் கூடாது. ஜெபிக்கும் உரிமையும் பிராந்தி விற்கும் உரிமையும் ஒரே கப்பலில், ஒரே பீரங்கி நிழலில் வந்து இறங்கின. அரசர் கையெழுத்திட்டார். மதுத்தடைச் சட்டம் ஒரு பேனா வீச்சில் செத்தது.

1843 நவம்பர் 28-இல் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஹவாயைச் சுதந்திர நாடாக அங்கீகரித்தன. 1846-இல் புதிய ஒப்பந்தம் வந்தது. அந்த 20,000 டாலரும் அப்போது திரும்பி வந்தது. எடுத்துச் சென்ற அதே பெட்டிகள்; வைத்த முத்திரை உடையவில்லை! ஏழு வருஷம் அந்தப் பணத்தை ஒருவரும் தொடவில்லை. பணத்துக்காகக் கேட்டதல்ல அது. 'கேட்டால் கொடுப்பாய்' என்று காட்டுவதற்காகக் கேட்டது.

புதிய ஒப்பந்தத்தில் மதுவைப் பற்றி ஒரு வாசகம் இருந்தது. மதுவகைகளுக்கு நியாயமான வரி போடலாம், ஆனால் இறக்குமதியே அடியோடு நின்றுபோகும் அளவுக்கு உயர்த்தக் கூடாது. ஹவாய் அரசாங்கம் இந்த வாசகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. காய்ச்சி வடித்த மதுவுக்கு ஒரு கேலனுக்கு, அதாவது சுமார் நான்கு லிட்டருக்கு, 5 டாலர் என்று வரி போட்டது. எந்த நாட்டு மதுவானாலும் அதே வரிதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு கேலன் பிராந்தியின் விலை ஒரு டாலர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மதிப்பில் நூற்றுக்கு ஐந்து என்றால் வரி 5 சென்ட். கேலனுக்கு 5 டாலர் என்றால் 500 சென்ட். நூறு மடங்கு! அதோடு, மதிப்பின் மேல் போடும் வரியில் விலையைக் குறைத்துக் காட்டி வரியையும் குறைக்கலாம். அளவின் மேல் போடும் வரியில் அந்த வித்தை பலிக்காது. மட்டச் சாராயத்துக்கும் அதே ஐந்து டாலர்தான். போதையை மலிவாகக் கிடைக்க விடாமல் செய்ய இதைவிட நேரான வழி கிடையாது. அந்த அரசாங்கம் விவரம் தெரிந்துதான் செய்தது என்பது என் துணிபு.

1848-இல் பிரெஞ்சுத் தூதராக டில்லன் வந்தார். இது வரியல்ல, மறைமுகத் தடை, பிரெஞ்சுச் சரக்கைக் குறிவைத்த வரி என்று வாதாடினார். ஹவாயின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் வைலி ஸ்காட்லாந்துக்காரர். கடிதத்துக்குக் கடிதம் பதில் எழுதினார். அந்த 1848, 49 ஆண்டுகளில்தான் தட்டம்மையும் கக்குவான் இருமலும் விஷக்காய்ச்சலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தீவுகளில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தன. ஊரெல்லாம் பிணம் விழுந்துகொண்டிருந்த காலத்தில் பிராந்தி வரியைப் பற்றிக் கடிதம் போய்வந்தது என்று படிக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

1849 ஆகஸ்டில் கடற்படைத் தளபதி த்ரோம்லென் வந்தார். டில்லனும் அவரும் பத்துக் கோரிக்கைகளை வைத்தார்கள். பிராந்தி வரியைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது. தேவாலயத்தில் குறும்பு செய்த பள்ளிப் பையன்களைத் தண்டிக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று! பையன்களின் சேட்டைக்குப் போர்க்கப்பல்.

அரசர் பணியவில்லை, சண்டையும் போடவில்லை. யாரும் எதிர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டார். ஆகஸ்ட் 25-ஆம் தேதி சுமார் 140 வீரர்கள் பீரங்கியோடும் மதில் ஏறும் ஏணிகளோடும் ஹோனலூலு கோட்டைக்கு வந்தார்கள். ஏணிக்கு வேலையே இல்லை. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் காவல்துறைத் தலைவர். இன்னொருவர் ஆளுநர் கெகூவானாவோவா. பத்து வருஷத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட அதே மனிதர். அவர் பார்த்துக்கொண்டிருக்க, பீரங்கிகளை முடக்கினார்கள். வெடிமருந்துப் பீப்பாய்களைத் துறைமுகத் தண்ணீரில் கொட்டினார்கள். நகரத்தில் சேதம் சுமார் 1,00,000 டாலர் என்று கணக்கிடப்பட்டது. போகும்போது அரசரின் பாய்மரப் படகையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். இத்தனைக்கும் வரி குறையவில்லை.

செப்டம்பரில் ஹவாய் அமைச்சர் ஜட் பாரிசுக்குப் புறப்பட்டார். கூடவே இரண்டு இளவரசர்கள்: பதினெட்டு வயது லாட், பதினைந்து வயது அலெக்சாண்டர் லிஹோலிஹோ. இருவரும் கெகூவானாவோவாவின் பிள்ளைகள். தகப்பன் காலிக் கோட்டையில் நின்றார். பிள்ளைகள் உலகத்தின் மறுகோடிக்கு நியாயம் கேட்கப் போனார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள். 1850 கடைசியில் அதே பத்துக் கோரிக்கைகளோடு வேறொரு பிரெஞ்சுத் தூதர் வந்து இறங்கியதும், நாட்டை அமெரிக்காவின் பாதுகாப்பில் ஒப்படைக்கும் இரகசியப் பத்திரத்தில் 1851 மார்ச்சில் அரசர் கையெழுத்திடும் நிலை வந்தது. ஒரு பிராந்தி வரி ஓர் அரசனை எதுவரை தள்ளியிருக்கிறது, பாருங்கள்.

இதே பிரான்சு, மற்ற வல்லரசுகளோடு உட்கார்ந்து, 1890-இல் பிரசல்சில் ஆப்பிரிக்காவுக்காக ஓர் ஒப்பந்தம் எழுதியது. மதுவுக்கு ஹெக்டோலிட்டருக்கு, அதாவது நூறு லிட்டருக்கு, குறைந்தது 15 பிராங்க் வரி போட்டே ஆக வேண்டும் என்றது. 1899-இல் அது 70 பிராங்க் ஆயிற்று. மது தீமை என்பதும், வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்பதும் அவர்களுக்கு அப்போது தெரிந்திருந்தது. ஹவாய் அரசர் அதையேதான் நாற்பது வருஷம் முன்னால் செய்தார். என்ன வேறுபாடு? அங்கே வரி போட்டவர்கள் ஐரோப்பியர்கள்.

பிரான்சுடனான வழக்கைத் தீர்த்த ஒப்பந்தம் 1857-இல்தான் கையெழுத்தானது. அப்போது அரியணையில் இருந்தவர் நான்காம் கமேஹமேஹா. பாரிசிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அந்தப் பதினைந்து வயதுப் பையன்தான் அவர். தகப்பனார் கெகூவானாவோவாவும் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் தாகிட்டித் தீவுக்கு ஓட்டிப்போன அரசரின் படகு மட்டும் திரும்பி வரவே இல்லை.

வணக்கம்.